செல்லுக்குள் புரதத்தை இயக்குவது யார், நிறுத்துவது யார்? நொதிகளைப் படிப்படியாகப் புரிந்துகொள்ள ஒரு முழு வழிகாட்டி

மலேசியாவின் கெடா மாநிலத்துப் பாடாங் செராயில் என் வீட்டு முன்கூடத்தில், மாலை நேரத்தில் ஆறாம் படிவப் பிள்ளைகளுக்கு உயிரியல் சொல்லிக்கொடுக்கிறேன். ஒளிச்சேர்க்கை, மரபியல் எல்லாம் ஒரு வழியாக ஓடிவிடும். செல்லுக்குள் ஒரு புரதம் எப்படி வேலையைத் தொடங்குகிறது, எப்படி நிறுத்துகிறது என்ற பாடம் வந்தால் மட்டும் கூடம் அமைதியாகிவிடும். பக்கம் முழுக்க அம்புக்குறி, அம்புக்கு மேலே மூன்றெழுத்துப் பெயர்கள். கடைசியில் ஒரே ஒரு வரியை மனப்பாடம் பண்ணிக்கொண்டு போவார்கள்: "கினேஸ் வந்தால் புரதம் இயங்கும், பாஸ்பட்டேஸ் வந்தால் நிற்கும்." (நொதி என்பது வேதி மாற்றங்களை விரைந்து நடத்திவைக்கும் புரதம். கினேஸும் பாஸ்பட்டேஸும் நொதிகள்தான், நான்காம் படியில் விளக்குகிறேன்.)

அந்த வரியை நம்பிப் பதில் எழுதினால் பல இடங்களில் அப்படியே தலைகீழாகிவிடும். போன வருடம் நன்றாகப் படிக்கும் ஒரு பையன் அதை நம்பி ஒரு முழுக் கேள்வியையும் கோட்டைவிட்டான். வீட்டில் தமிழ் பேசி, பள்ளியில் வேறு மொழியில் பாடம் கேட்டு, இரண்டுக்கும் நடுவில் எங்கேயோ பொருள் நழுவிவிடுகிறது. அந்தப் பையனுக்காக எழுதியதுதான் இது. அவனைப் போன்ற மற்றவர்களுக்கும் உதவும்.

முதல் படி: ஐந்து கட்டம் போட்ட நோட்டு

ஒரு நோட்டை எடுத்துக் குறுக்காகத் திருப்பி, ஐந்து கட்டம் போடுங்கள். முதல் கட்டத்தில் எந்தப் புரதம் என்று எழுதுங்கள். இரண்டாவதில் அந்தப் புரதத்தில் என்ன மாறியது. மூன்றாவதில் மாற்றிய நொதி எது. நான்காவதில், மாறிய பிறகு வேலை கூடியதா குறைந்ததா. ஐந்தாவதில், அந்த மாற்றத்தைத் திரும்ப எடுப்பது யார். நான்காவது கட்டத்தை மட்டும் ஊகித்து நிரப்பவே கூடாது. மதிப்பெண் போவது அங்கேதான்.

இரண்டாம் படி: இருப்பது வேறு, வேலை செய்வது வேறு

எங்கள் ஊரைச் சுற்றிச் செம்பனைதான். குலையை அறுத்ததும் லோரியில் ஏற்றி ஆலைக்கு அனுப்ப ஏன் அவ்வளவு அவசரப்படுகிறார்கள் என்று யோசித்ததுண்டா? பழச் சதையில் எண்ணெய் இருக்கிறது. அதே சதையில், எண்ணெயை உடைக்கும் லைப்பேஸ் என்ற நொதியும் இருக்கிறது. பழம் அடிபடாமல் இருக்கும்வரை இரண்டும் தனித்தனி அறையில். குலை கீழே விழுந்து பழம் நசுங்கினால் சுவர் உடைந்து இரண்டும் கலந்துவிடும். எண்ணெயிலிருந்து கொழுப்பு அமிலம் பிரிந்து தரம் இறங்கும். அதனால்தான் ஆலையில் முதல் வேலையாகக் குலையை நீராவியில் வேக வைக்கிறார்கள். பழம் காம்பை விட்டு உதிர்வதற்கும் அது உதவுகிறது, லைப்பேஸ் செயலிழப்பதற்கும் அதுதான் வழி.

இந்தக் கதையில் கவனிக்க வேண்டியது ஒன்று. பழம் நசுங்கிய நொடியில் லைப்பேஸின் அளவு கூடவில்லை. வேலைதான் கூடியது. நம் செல்லும் இப்படித்தான் பிழைக்கிறது. ஒரு புரதத்தைப் புதிதாகச் செய்ய வேண்டுமென்றால் மரபணுவைப் படி எடுக்க வேண்டும், அந்தப் படியை ரைபோசோமுக்கு அனுப்ப வேண்டும், புரதச் சங்கிலியின் கண்ணிகளான அமினோ அமிலங்களைக் கோக்க வேண்டும். நிமிடக்கணக்கில் ஆகும், சில சமயம் மணிக்கணக்கில். தோட்டத்துச் சந்தில் காட்டுப்பன்றி எதிரே வந்தால் அவ்வளவு நேரம் ஏது? ஆகவே புரதத்தை முன்கூட்டியே செய்து அடக்கி வைத்துக்கொண்டு, வேண்டும்போது நொதியை விட்டுத் தட்டி எழுப்புகிறது.

நொதி எவ்வளவு ஆள் பார்த்து வேலை செய்யும் என்பதை அடுக்களையிலேயே பார்க்கலாம். இரண்டு கிண்ணத்தில் ஜெலட்டின் கரைசல், ஒன்றில் அகார் அகார் எடுத்துக்கொள்ளுங்கள். (ஜெலட்டின் பெரும்பாலும் மாடு, பன்றி போன்ற விலங்குகளிலிருந்து வருவது. அது வேண்டாம் என்கிற வீடுகளில் பேக்கரி சாமான் கடையில் மீன் ஜெலட்டின் கேட்டுப் பாருங்கள்.) ஜெலட்டினை நன்றாக ஆறவிட்டு, முதல் கிண்ணத்தில் பச்சை அன்னாசித் துண்டும் இரண்டாவதில் கொதிக்க வைத்த அன்னாசித் துண்டும் போட்டுக் குளிர்ப்பெட்டியில் வையுங்கள். அகார் அகார் அறைச் சூட்டிலேயே உறைந்துவிடும், அதனால் அதை முதலிலேயே உறையவிட்டு மேலே பச்சை அன்னாசியை வைத்தால் போதும். மறுநாள் காலையில் பச்சை அன்னாசி போட்ட ஜெலட்டின் தண்ணீராகவே கிடக்கும். மற்ற இரண்டும் கட்டியாக இருக்கும். அன்னாசியிலுள்ள புரோமலேன் புரதத்தை வெட்டும் நொதி. ஜெலட்டின் புரதம், வெட்டுப்பட்டது. அகார் அகார் கடற்பாசியிலிருந்து வரும் கார்போஹைட்ரேட் வகை, அதைப் புரோமலேன் தொடாது. கொதித்த அன்னாசியில் நொதியே செத்துவிட்டது. இதைச் செய்து பார்த்த பிள்ளைகளுக்கு அடுத்த படியை அதிகம் விளக்க வேண்டியதில்லை.

மூன்றாம் படி: வெட்டி எழுப்புவது

சில புரதங்கள் உறையோடு பிறக்கின்றன. உறையை வெட்டினால்தான் வேலை செய்யும். கணையத்தில் உருவாகும் டிரிப்சினோஜென் அப்படி. அது கணையத்திலேயே விழித்துக்கொண்டால் கணையத்தையே தின்னத் தொடங்கிவிடும். ஆகவே தூங்கிக்கொண்டே சிறுகுடல் வரை போகிறது. அங்கே குடல் சுவரிலுள்ள என்டிரோபெப்டிடேஸ் என்ற நொதி அதன் முனையில் ஒரு சிறு துண்டை நறுக்குகிறது. மீதி டிரிப்சினாக உருமாறி, மற்ற தூங்கும் நொதிகளையும் அதுவே எழுப்புகிறது.

ரத்தம் உறைவதும் இதே கதைதான், இன்னும் நீளமாக. காயம் பட்டதும் ஒரு நொதி அடுத்ததை வெட்டும், அது அதற்கடுத்ததை. கடைசியில் புரோத்ரோம்பின் வெட்டப்பட்டு த்ரோம்பின் ஆகும். த்ரோம்பின், ரத்தத்தில் கரைந்திருக்கும் ஃபைப்ரினோஜெனின் முனைகளை நறுக்கும். நறுக்கப்பட்டவை ஒன்றோடு ஒன்று ஒட்டி வலையாகும். அந்த வலையை இறுக்கித் தைக்கும் இன்னொரு நொதியையும் த்ரோம்பினே எழுப்பிவிடுகிறது.

என் அம்மா பால் மரம் (ரப்பர்) வெட்டியவர். மழைக்காலத்தில் வீட்டுக்கு வந்து காலைக் கழுவும்போது அட்டை கடித்த இடத்திலிருந்து ரத்தம் வழிந்துகொண்டே இருக்கும். அட்டையைப் பிய்த்துப் போட்டு வெகு நேரமாகியிருக்கும், ஆனாலும் நிற்காது. புகையிலை வைத்து அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அட்டையின் எச்சிலில் ரத்தத்தை உறையவிடாத பொருள்கள் உண்டு. மருத்துவத்துக்குப் பயன்படும் அட்டையிலிருந்து எடுத்த ஹிருடின், த்ரோம்பினை இறுகப் பிடித்துக்கொண்டு வெட்டவிடாமல் செய்கிறது. வெட்டுகிற கத்தியைப் பிடித்துக்கொண்டால் வலை எப்படி உருவாகும்?

இதற்கு நேர்மாறான ஒன்றும் எங்கள் கெடா தோட்டங்களில் இருக்கிறது. மலாய்க்காரர்கள் ஊலார் காப்பாக் போடோ என்று சொல்லும் மலாயா குழிவிரியன். சருகுக்குள் அசையாமல் கிடக்கும், மிதித்தால் கடிக்கும். 1950களிலும் 60களிலும் பினாங்கு மருத்துவமனையில் வேலை பார்த்த அலிஸ்டர் ரீட் என்ற மருத்துவர், இந்தப் பாம்பு கடித்தவர்களின் ரத்தம் உறையாமல் போவதைக் கவனித்து ஆராய்ந்தார். விஷத்தில் த்ரோம்பினைப் போலவே நடிக்கும் ஒரு நொதி இருக்கிறது. அது ஃபைப்ரினோஜெனின் ஒரு வகை முனையை மட்டும் நறுக்குகிறது, தைக்கும் நொதியை எழுப்புவதில்லை. உருவாகும் வலை பலமில்லாத வலை. உடம்பு அதை உடனே கரைத்துவிடுகிறது. கொஞ்ச நேரத்தில் ரத்தத்தில் இருக்கும் ஃபைப்ரினோஜென் எல்லாம் தீர்ந்துபோகும், அப்புறம் ரத்தம் உறையாது. கடி வாங்கியவரின் ரத்தத்தைச் சுத்தமான கண்ணாடிக் குழாயில் விட்டு 20 நிமிடம் ஆட்டாமல் வைத்துச் சாய்த்துப் பார்ப்பார்கள். தண்ணீர் போல் ஓடினால் ஃபைப்ரினோஜென் தீர்ந்துவிட்டது என்று தெரிந்துகொள்ளலாம். அந்த நொதியைப் பிரித்தெடுத்து அங்க்ரோட் என்று பெயரிட்டு மருந்தாகவும் பயன்படுத்திப் பார்த்தார்கள். (பாம்பு கடித்தால் கீறுவது, உறிஞ்சுவது, இறுக்கிக் கட்டுவது எதுவும் வேண்டாம். காலை அசைக்காமல் நேரே மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள்.)

நோட்டில் இப்போது எழுதுங்கள்: ஃபைப்ரினோஜென், முனை வெட்டுப்பட்டது, த்ரோம்பின், வேலை கூடியது. ஐந்தாவது கட்டம்? வெட்டியதை ஒட்ட வைக்க யாராலும் முடியாது. வலை தேவையில்லை என்றால் பிளாஸ்மின் என்ற இன்னொரு நொதி வந்து அதையும் வெட்டிக் கரைக்க வேண்டியதுதான். வெட்டு ஒருவழிப் பாதை.

நான்காம் படி: பாஸ்பேட், ஒட்டவும் எடுக்கவும்

நாள் முழுக்க மாறி மாறி நடக்க வேண்டிய வேலைக்கு ஒருவழிப் பாதை உதவாது. அதற்குச் செல் கண்டுபிடித்த வழி, புரதத்தின்மேல் பாஸ்பேட் என்ற சிறு வேதிக் குழுவை ஒட்டுவது. செல்லுக்கு ஆற்றல் தரும் மூலக்கூறான ஏ.டி.பி.யிலிருந்து ஒரு பாஸ்பேட்டைப் பிடுங்கி, புரதத்திலுள்ள செரின், திரியோனின், டைரோசின் ஆகிய அமினோ அமிலங்களில் ஒன்றின்மேல் ஒட்டும் நொதிக்குக் கினேஸ் என்று பெயர். அதைக் கழற்றுவது பாஸ்பட்டேஸ். மனிதச் செல்களில் 500க்கும் மேற்பட்ட கினேஸ்கள் இருக்கின்றன.

ஒரு சின்னப் பாஸ்பேட் அவ்வளவு பெரிய புரதத்தை என்ன செய்துவிடும் என்று பிள்ளைகள் கேட்பார்கள். நல்ல கேள்வி. பாஸ்பேட் எதிர்மின்னூட்டம் நிறைந்தது. ஒட்டிய இடத்தில் பக்கத்திலிருக்கும் நேர்மின்னூட்டப் பகுதிகளை இழுக்கும், எதிர்மின்னூட்டப் பகுதிகளைத் தள்ளும். புரதத்தின் மடிப்பே இடம் மாறும். வாய் மூடியிருந்தது திறக்கலாம், திறந்திருந்தது மூடலாம். இந்த "திறக்கலாம், மூடலாம்" என்பதை மனத்தில் வையுங்கள்.

இதைக் கண்டுபிடித்த கதையைச் சொல்லாமல் என்னால் மேலே போக முடியாது. சர்க்கரையைக் கோத்துத் தசையில் சேமித்துவைத்த கிளைக்கோஜெனை உடைக்கும் நொதி பாஸ்போரிலேஸ். அதற்கு இயங்கும் வடிவம் ஒன்று, இயங்காத வடிவம் ஒன்று உண்டு என்று கார்ல் கோரியும் ஜெர்ட்டி கோரியும் கண்டிருந்தார்கள். ஒன்று மற்றொன்றாக எப்படி மாறுகிறது என்பதுதான் புதிர். அமெரிக்காவின் சியாட்டிலில் எட்மண்ட் ஃபிஷரும் எட்வின் கிரெப்ஸும் முயல் தசையை அரைத்துச் சாற்றை எடுத்தார்கள். வடிதாளில் வடிகட்டினால் இயங்கும் வடிவம் கிடைத்தது. வடிதாள் இல்லாமல் சுழற்றித் தெளியவைத்தால் இயங்காத வடிவம்தான் கிடைத்தது. ஒரு தாளில் என்ன இருக்க முடியும்? தாளில் ஒட்டியிருந்த கால்சியம்தான் காரணம். அந்தக் கால்சியம் சாற்றிலிருந்த ஒரு கினேஸைத் தட்டி எழுப்ப, அது ஏ.டி.பி.யிலிருந்து பாஸ்பேட்டை எடுத்துப் பாஸ்போரிலேஸில் ஒட்டியிருக்கிறது. 1955இல் இதை வெளியிட்டார்கள். 1992இல் இருவருக்கும் மருத்துவத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது. இன்னொரு அழகு பாருங்கள்: தசை சுருங்குவதற்கும் கால்சியம்தான் சமிக்ஞை. சுருங்கு என்று சொல்லும் அதே கால்சியம், எரிபொருளை உடை என்றும் சொல்லிவிடுகிறது.

அந்தப் புரதத்தில் 840க்கும் மேற்பட்ட அமினோ அமிலங்கள் இருக்கின்றன. பாஸ்பேட் ஒட்டுவது 14ஆவது இடத்திலிருக்கும் ஒரே ஒரு செரினில்.

சரி, காட்டுப்பன்றிக்கு வருவோம். பார்த்ததும் அட்ரினலின் சுரக்கிறது. அது செல்லின் வெளிக்கதவைத் தட்ட, உள்ளே செய்தி கடத்தும் சிறு மூலக்கூறான சைக்ளிக் ஏ.எம்.பி. பெருகுகிறது. அது புரோட்டீன் கினேஸ் ஏ என்ற நொதியைப் பிடித்துவைத்திருக்கும் பூட்டை விடுவிக்கிறது. அது பாஸ்போரிலேஸ் கினேஸில் பாஸ்பேட் ஒட்ட, அது பாஸ்போரிலேஸில் பாஸ்பேட் ஒட்ட, கிளைக்கோஜென் உடைகிறது. ஏன் இத்தனை பேர் கை மாற வேண்டும்? ஒரு கங்காணி பத்துப் பேரை எழுப்ப, அந்தப் பத்துப் பேரும் ஆளுக்குப் பத்து வீட்டுக் கதவைத் தட்டினால் லயமே எழுந்துவிடும் அல்லவா? ஒவ்வொரு நொதியும் அடுத்த புரதத்தில் பலவற்றை மாற்றுவதால், கொஞ்சம் அட்ரினலினுக்கே நொடிகளில் பெரிய விளைவு கிடைக்கிறது.

இப்போது அந்தப் பையன் சறுக்கிய இடம். அதே புரோட்டீன் கினேஸ் ஏ, கிளைக்கோஜெனைக் கட்டும் நொதியான கிளைக்கோஜென் சிந்தேஸிலும் பாஸ்பேட் ஒட்டுகிறது. அப்போது சிந்தேஸ் என்ன ஆகும்? நின்றுவிடும்! உடைக்கிற நேரத்தில் கட்டிக்கொண்டிருந்தால் வீண்தானே. பாஸ்பேட் ஒன்றுதான், ஆனால் பாஸ்போரிலேஸுக்கு அது எழுப்பும் தட்டு, சிந்தேஸுக்கு அது பூட்டு. ஆபத்து நீங்கியதும் புரோட்டீன் பாஸ்பட்டேஸ் 1 வந்து இரண்டிலிருந்தும் பாஸ்பேட்டைக் கழற்றும். அதே கழற்றலில் உடைப்பது நிற்கும், கட்டுவது தொடங்கும். நோட்டில் இந்த இரண்டு வரிகளையும் ஒன்றின்கீழ் ஒன்றாக எழுதுங்கள். நான்காவது கட்டம் மட்டும் எதிரெதிராக நிற்பதைக் கண்ணால் பார்த்தால் மறக்காது.

ஐந்தாம் படி: இன்சுலினை வைத்துப் பழகுங்கள்

எங்கள் ஊரில் இனிப்பு நீர் இல்லாத வீடு குறைவு. 2019ஆம் ஆண்டுத் தேசிய உடல்நல ஆய்வின்படி மலேசியாவில் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. ஆகவே இந்தப் பாடத்தைப் பிள்ளைகள் தேர்வுக்காக மட்டும் படிக்க வேண்டாம் என்று நினைக்கிறேன். அவர்கள் வீட்டுக் குளிர்ப்பெட்டியில் வைத்திருக்கும் இன்சுலின் பேனா என்ன செய்கிறது என்று தெரிந்துகொள்ளட்டும்.

இன்சுலின் செல்லுக்குள் போவதில்லை. செல்லின் மேற்பரப்பில் அதைப் பிடித்துக்கொள்ளும் ஏற்பி என்ற புரதத்தைத் தொடுகிறது. அந்த ஏற்பியே ஒரு கினேஸ். தொட்டதும் தன் டைரோசின்களிலேயே பாஸ்பேட் ஒட்டிக்கொண்டு விழிக்கிறது. பிறகு கை மாறி மாறிச் செய்தி ஏ.கே.டி. என்ற கினேஸை எட்டுகிறது. இங்கிருந்து இரண்டு கிளை. ஒன்று, குளுக்கோஸ் உள்ளே வரும் குளுட் 4 என்ற வாசல்களைத் தசைச் செல்லின் மேற்பரப்புக்குக் கொண்டுவருவது. இரண்டாவது கிளையை மெதுவாகப் படியுங்கள். ஏ.கே.டி., ஜி.எஸ்.கே. 3 என்ற இன்னொரு கினேஸில் பாஸ்பேட் ஒட்டி அதை நிறுத்துகிறது. ஜி.எஸ்.கே. 3 செய்துகொண்டிருந்த வேலை, சிந்தேஸில் பாஸ்பேட் ஒட்டி அதைப் பூட்டுவது. பூட்டுகிறவரையே பூட்டிவிட்டதால், பாஸ்பட்டேஸ் வந்து சிந்தேஸைத் திறந்துவிடுகிறது. சர்க்கரை கிளைக்கோஜெனாகச் சேர்கிறது. ஏற்பியின் டைரோசின்களிலிருந்து பாஸ்பேட்டைக் கழற்றி எல்லாவற்றையும் அடக்குவது பி.டி.பி. 1பி என்ற பாஸ்பட்டேஸ்.

இரண்டாம் வகை நீரிழிவில் இன்சுலின் இருந்தும் இந்தச் செய்தி உள்ளே சரியாகக் கடத்தப்படுவதில்லை. "இன்சுலின் எதிர்ப்பு" என்று மருத்துவர் சொல்வது இதைத்தான்.

கினேஸ் அடங்காமல் போனாலும் ஆபத்து. ஒருவகை ரத்தப் புற்றுநோயில் 9ஆவது, 22ஆவது குரோமோசோம்கள் துண்டு மாறி ஒட்டிக்கொள்வதால், எப்போதும் இயங்கிக்கொண்டே இருக்கும் ஒரு கினேஸ் உருவாகிறது. ஏ.டி.பி. உட்காரும் அதன் குழியில் போய் அடைத்துக்கொள்ளும் இமாட்டினிப் என்ற மாத்திரைக்கு 2001இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. அந்த நோயோடு பல ஆண்டுகள் வாழ முடியும் என்ற நிலை அதற்குப் பிறகுதான் வந்தது.

ஆறாம் படி: அப்புறப்படுத்துவது

வேலை முடிந்த புரதத்தை நிறுத்தினால் மட்டும் போதாத நேரமும் உண்டு. அதையே இல்லாமலாக்க வேண்டும். அதற்கு யுபிகுவிட்டின் என்ற சின்னப் புரதம், 76 அமினோ அமிலங்கள்தான். மரம் வெட்டுவதற்கு முன் வெட்ட வேண்டிய மரத்தில் பெயின்ட் அடித்து வைப்பார்களே, அந்த மாதிரி ஒரு குறி. குறி வைக்க மூன்று நொதிகள் வரிசையாக வேலை செய்கின்றன. இ1 யுபிகுவிட்டினைத் தயார் செய்யும், இ2 சுமந்து வரும், இ3 எந்தப் புரதத்தில் வைப்பது என்று ஆள் பார்க்கும். ஆள் பார்ப்பதுதான் கடினம் என்பதால் இ3 வகைகள் மட்டும் மனிதரில் 600க்கும் மேல் இருக்கின்றன. நான்கு யுபிகுவிட்டின் அளவுக்குச் சங்கிலி நீண்டால், புரோட்டியசோம் என்ற பீப்பாய் வடிவக் கூடம் அந்தப் புரதத்தை உள்ளே இழுத்துத் துண்டு துண்டாக்கும். யுபிகுவிட்டினை மட்டும் கழற்றி மறுபடி பயன்படுத்திக்கொள்ளும். இதைக் கண்டுபிடித்த சீச்சனோவர், ஹெர்ஷ்கோ, ரோஸ் மூவருக்கும் 2004இல் வேதியியல் நோபல் கிடைத்தது.

ஐந்தாவது கட்டத்தில் இங்கே எழுத ஆள் உண்டு. பீப்பாய்க்குள் போவதற்கு முன் குறியைக் கழற்றிக் காப்பாற்றும் நொதிகள் இருக்கின்றன. போன பிறகு ஒன்றும் செய்ய முடியாது.

புரதத்தில் ஒட்டும் வேறு சிறு வேதிக் குழுக்களான அசிட்டைல், மெத்தில் குறிகளும் இதே ஐந்து கட்டத்தில் அடங்கும். ஒட்டும் நொதி ஒன்று, கழற்றும் நொதி ஒன்று. பாஸ்பேட் புரிந்துவிட்டால் இவற்றுக்குத் தனியாக மெனக்கெட வேண்டாம்.

ஏழாம் படி: நீங்களே நிரப்ப ஒரு வரி

பி53 என்ற புரதத்தை எடுத்துக்கொள்ளுங்கள். டி.என்.ஏ. சேதமானால் செல் பிரிவதை நிறுத்தும் காவலாளி அது. மனிதப் புற்றுநோய்களில் ஏறக்குறைய பாதியில் இதன் மரபணு கெட்டிருக்கும். சாதாரண நாளில் எம்.டி.எம். 2 என்ற இ3 நொதி இதில் யுபிகுவிட்டின் வைத்து அழித்துக்கொண்டே இருக்கும். செல் ஒரு பக்கம் பி53ஐச் செய்கிறது, மறுபக்கம் அழிக்கிறது. டி.என்.ஏ. இழை அறுந்ததும் ஏ.டி.எம். என்ற கினேஸ் விழித்து, பி53இலும் எம்.டி.எம். 2இலும் பாஸ்பேட் ஒட்டுகிறது. இரண்டுக்கும் உள்ள பிடி தளர்கிறது. அழிப்பு நின்றதால் பி53 சேர்ந்து உயர்கிறது.

இதற்கு நோட்டில் எத்தனை வரி வேண்டும்? பி53க்கு யுபிகுவிட்டின் ஒரு வரி, பாஸ்பேட் ஒரு வரி, எம்.டி.எம். 2க்குப் பாஸ்பேட் ஒரு வரி. மூன்று வரியிலும் நான்காவது கட்டத்தை நிரப்புங்கள். மூன்றாவது வரியில், பாஸ்பேட் ஒட்டிய பிறகு எம்.டி.எம். 2இன் வேலை கூடியதா குறைந்ததா? அந்தப் பையன் போன வாரம் வந்து இந்த வரிக்கு முன்னால் பேனாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வெகு நேரம் யோசித்தான். அப்புறம் "குறைந்தது" என்று எழுதி, அடியில் கோடு போட்டான்.